பழைய மோட்டார் சைக்கிளுக்குப் பத்தாயிரம் ரூபாயில் புது வாழ்வு!

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் மோட்டார் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வாசலில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். பளபளக்கும் சைலன்சர், மாட்டுக் கொம்பு போல வளைந்த ஹேண்டில் பார், நீலமும் சிவப்புமாக மின்னும் விளக்குகள். பிரேக் ஷூவும் கிளட்ச் கேபிளும் வாசலில் தொங்குவதில்லை. அவை உள்ளே அட்டைப் பெட்டியில் கிடக்கும். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள்.

பழைய வண்டியைக் குறைந்த செலவில் தன் விருப்பம் போல மாற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் அந்த அட்டைப் பெட்டியைத்தான் கேட்க வேண்டும். வாசலில் தொங்குவதை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு தொழிலாளியைக் கற்பனை செய்து கொள்வோம். தருமபுரிப் பக்கத்துக்காரர். பீனியாவில் லேத் வேலை. ஸ்ரீராமபுரத்தில் வாடகை வீடு. அவரிடம் இருப்பது 18 வயதான 100 சி.சி. வண்டி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. இரவு ஷிப்ட் முடிந்து வருவதும் அதில்தான். பொங்கலுக்கு மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக ஊருக்குப் போவதும் அதில்தான்.

புது வண்டி வாங்கலாம் என்றால் மாதத் தவணை கட்ட வேண்டும். ஊருக்கும் பணம் அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரே சம்பளத்தில் தள்ள முடியாது. போனசில் மிஞ்சியது பத்தாயிரம் ரூபாய். அதை வைத்துக்கொண்டு அந்த வண்டியை என்ன செய்யலாம்?

வெறும் ஆசை அல்ல

வண்டியை மாற்றி அமைப்பது பணக்காரப் பையன்களின் விளையாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல.

தாழ்ந்த ஹேண்டில் பாரும், முதுகில் திமில் வைத்த ஒற்றை சீட்டுமாகச் சில வண்டிகள் போகின்றனவே, அவற்றுக்கு 'கபே ரேஸர்' என்று பெயர். 1950, 60-களில் லண்டன் 'ஏஸ் கபே' போன்ற சாலையோர டீக்கடைகளில் கூடிய இளைஞர்கள் தொடங்கி வைத்த மோஸ்தர் அது. அவர்களில் பெரும்பாலோர் சாதாரண வேலை பார்த்தவர்கள். ஒரு கம்பெனி வண்டியின் சட்டத்தில் இன்னொரு கம்பெனி எஞ்சினைப் பொருத்தினார்கள். நார்ட்டன் சட்டத்தில் டிரையம்ப் எஞ்சின் வைத்த வண்டிக்கு 'டிரைட்டன்' என்று பெயரே வந்துவிட்டது.

நம் நாட்டில் நடந்தது அதைவிடப் பெரிய வித்தை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ராணுவம் கழித்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்பாதியை வெட்டி, ஆட்கள் உட்காரும் பெட்டியைச் சேர்த்து, டில்லியில் 'பட்பட்டி' என்று ஓட்டினார்கள். 1990-களின் கடைசி வரை அவை சாந்தினி சவுக் பக்கம் ஓடிக்கொண்டிருந்தன. குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் புல்லட்டின் முன்பாதியோடு மூன்று சக்கர 'சக்டா' உருவானது. பிழைப்புக்கு எது தேவையோ அதற்கேற்ப வண்டியை மாற்றினார்கள்.

கர்நாடகத்துக்கும் இதில் பெயர் உண்டு. மைசூரில் 1961-ம் ஆண்டு மகாராஜா ஜெயசாமராஜ உடையார் தொடங்கி வைத்த ஐடியல் ஜாவா தொழிற்சாலை, முதலில் ஜாவா, பிறகு எஸ்டி என்ற பெயரில் மோட்டார் சைக்கிள்களைத் தயாரித்து, 1996-ல் மூடப்பட்டது. அதே 1996-ல்தான் யமஹா ஆர்.எக்ஸ். 100 தயாரிப்பும் நின்றது. அப்பா ஓட்டிய ஜாவாவோ, எஸ்டியோ, ஆர்.எக்ஸ். 100-ஓ ஒருவேளை உங்கள் வீட்டில் இருந்தால் தயவு செய்து அதை வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள். அசல் உருவத்தில் இருந்தால் நல்ல விலை போகும். மாற்றினால் போகாது. நாம் பேசுவது, லட்சக்கணக்கில் ஓடும் 100 சி.சி. நாலு ஸ்டிரோக் வண்டியைப் பற்றி. 1985-ல் வந்த சி.டி. 100, 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் ஆகியவற்றின் குடும்பம். எந்த ஊர்க் கடையிலும் இதற்குச் சாமான் கிடைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத வேலை

வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவரைப் பின்னால் அழுத்திப் பிடிக்கச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் 'டக்' என்று சிக்குகிறதா? ஹேண்டில் கழுத்திலுள்ள பால் ரேஸ் குழி விழுந்துவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டியில் வேகமாகப் போனால் நேர்கோட்டில் போகாது. ஆடும்.

பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது ஸ்விங் ஆர்ம் புஷ் போயிருக்கும். ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். 'டிங்' என்று கேட்டால் சரி. 'டப்' என்று செத்த சத்தம் கேட்டால் அந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் ஒரு பைசா செலவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் போதும்.

பழைய வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் உடனே ஷூ தேய்ந்துவிட்டது என்று மாற்றிவிடுகிறார்கள். பல வண்டிகளில் ஷூ நன்றாகவே இருக்கும். ஷூவை விரிக்கும் கேம் என்ற சிறிய இரும்புத் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும். அதைக் கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, துளி கிரீஸ் தடவிப் போட்டால் பிரேக் பாதி சரியாகிவிடும். கிரீஸ் ஷூவில் படக்கூடாது. பட்டால் பிரேக்கே இருக்காது. ஷூ தேய்ந்திருந்தால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஏறக்குறைய 500 ரூபாய் ஆகும். இந்த 500 ரூபாயில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

செயின் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் மிச்சம் பெரிய நஷ்டம். செயினை மட்டும் புதிதாகப் போட்டுவிட்டு, பழைய ஸ்பிராக்கெட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். தேய்ந்த ஸ்பிராக்கெட்டின் பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதில் ஓடும் புதுச் செயின் சீக்கிரமே இழுத்துவிடும். மூன்றையும் செட்டாக வாங்க வேண்டும். சுமார் ஆயிரம் ரூபாய்.

மைலேஜ் கூடும் என்று முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டிப் போடும் வழக்கம் உண்டு. 14 பல்லுக்குப் பதில் 15 போட்டால் கியர் விகிதம் 7 சதவீதம் மாறும். சமதளத்தில் எஞ்சின் அமைதியாக ஓடும், உண்மைதான். ஆனால் மனைவியும் பெட்டியுமாக மேம்பாலம் ஏறும்போது அதே எஞ்சின் திணறும். தனி ஆளாக நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவருக்கு வேண்டுமானால் அது சரிப்படும். நிமிடத்துக்கு ஒரு சிக்னலில் நின்று கிளம்பும் பெங்களூருக்கு அது ஒத்து வராது.

டயர் வாங்கும்போது பக்கவாட்டில் பாருங்கள். முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2324 என்று இருந்தால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். கடையில் மூன்று நான்கு வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடி விலையில் தருவார்கள். வாங்காதீர்கள். அதேபோல் 2.75 அங்குல டயர் போடும் ரிம்மில் தடித்த டயரைத் திணிப்பதும் வேண்டாம். பார்க்க கம்பீரமாக இருக்கும். ஆனால் குறுகிய ரிம் டயரை இரண்டு பக்கமும் நெருக்கும். வளைவில் சாயும்போது பிடிப்பு சரியாக இருக்காது. பெட்ரோலும் கூடக் குடிக்கும். தடித்த டயர்தான் வேண்டும் என்றால், பின்னால் ஒரு படி மேலே 3.00 அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவற்றோடு கிளட்ச், ஆக்சிலேட்டர், முன் பிரேக் கேபிள்கள் மூன்று, முன் போர்க் ஆயிலும் சீலும், எஞ்சின் ஆயில், பிளக், ஏர் பில்டர், பால் ரேஸ், மெக்கானிக் கூலி என்று சேர்த்தால், பின் டயர் ஒன்று உட்பட, ஆறாயிரத்திலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு வரை ஆகும். கடைக்குக் கடை இது மாறும். வெளியே பார்ப்பவர்களுக்கு வண்டியில் ஒரு மாற்றமும் தெரியாது. ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும்.

உடம்புக்கு ஏற்ற வண்டி

மீதி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். இனிமேல்தான் 'உங்கள் வண்டி' தொடங்குகிறது.

முதல் செலவு சீட்டுக்கு. பதினைந்து வருடம் உட்கார்ந்த ஃபோம் பொடியாகி, நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். அதன் மேல் புது ரெக்சின் மட்டும் போட்டுத் தருவார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. இறுக்கமான புது ஃபோம் வைக்கச் சொல்லுங்கள். உயரம் குறைந்தவர் என்றால் முன்பக்கம் இரண்டு ஓரத்தையும் சற்றுச் செதுக்கச் சொன்னால் கால் எளிதாகத் தரையில் ஊன்றும். தையல் ஓட்டைகள் வழியே மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால் ரெக்சினுக்கு அடியில் ஒரு பாலிதீன் தாளைப் பரப்பித் தைக்கச் சொல்லுங்கள். இதற்குத் தனிக்கூலி யாரும் கேட்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஈரக் கால்சட்டையோடு ஆபீசில் உட்கார வேண்டியதில்லை.

அடுத்தது ஹேண்டில் பார். முதுகுவலிக்காரர்கள் தாழ்ந்த ஹேண்டிலைத் தொடவே வேண்டாம். கபே ரேஸர் பாணியில் குனிந்து ஓட்டுவது பத்து நிமிட டீக்கடைப் பயணத்துக்குச் சரி. தருமபுரிக்கு 140 கிலோ மீட்டர் போய்ப் பாருங்கள், மணிக்கட்டும் கழுத்தும் பேசும். கம்பெனி அளவை ஒட்டி, ஓர் அங்குலம் உயரமாகவோ, உங்கள் பக்கம் சற்று வளைந்தோ இருந்தால் போதும்.

மாற்றியதும் ஒரு சோதனை மிக முக்கியம். எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடது கோடி வரை, பிறகு வலது கோடி வரை திருப்புங்கள். எஞ்சின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் நீளம் போதவில்லை என்று அர்த்தம். அப்படியே விட்டால், நெரிசலில் வண்டியைத் திருப்பும்போது அது தானாகப் பாயும்.

முகப்பு விளக்கில் ஒரு ரகசியம் இருக்கிறது. பழைய 100 சி.சி. வண்டிகள் பலவற்றில் முகப்பு விளக்கு பேட்டரியில் எரிவதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் காயிலிலிருந்து நேராக மின்சாரம் வருகிறது. சிக்னலில் நிற்கும்போது வெளிச்சம் மங்குவது அதனால்தான். அந்தக் காயில் 35 வாட் பல்புக்காக அளவெடுத்துச் செய்தது. அதில் 60 வாட் பல்பை மாட்டினால் வெளிச்சம் கூடாது, குறையும். பலர் இதை அனுபவித்துவிட்டுப் பல்பைத் திட்டுகிறார்கள். மஞ்சளடித்த கண்ணாடியையும் மங்கிய ரிப்ளெக்டரையும் மாற்றி, அதே 35 வாட் பல்பைப் போடுங்கள். இரவு ஷிப்ட்காரருக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

டிபன் கேரியரும் மழைக்கோட்டும் வைக்க இடது பக்கம் ஒரு பெட்டி மாட்டிக்கொள்ளலாம். இண்டிகேட்டரை மறைக்காமல் இருந்தால் சரி. ஆனால் அதற்கு இடம் வேண்டுமென்று சாரி கார்டைக் கழற்றிவிடாதீர்கள். பின்னால் உட்காருபவரின் சேலையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் தடுப்பது அந்தக் கம்பி வலைதான். மத்திய மோட்டார் வாகன விதிகளும் அது கட்டாயம் என்கின்றன. அழகுக்குக் குறைச்சல் என்று அதை எடைக்குப் போடும் இளைஞர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

பெயிண்டு

டப்பாவில் விற்கும் ஸ்பிரே பெயிண்டை வீட்டிலேயே அடிக்கலாமா? பக்கவாட்டு மூடிகளுக்கும் மட்கார்டுக்கும் தாராளமாக அடிக்கலாம். பழைய பெயிண்டைத் தண்ணீரில் நனைத்த உப்புத் தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துக் காயவிட்டு, மறுபடி நயமான தாளால் தேய்த்து, மெல்லிய பூச்சாக மூன்று தடவை அடிக்க வேண்டும். ஒரே தடவையில் கனமாக அடித்தால் வழியும். காற்றடிக்கும் நாளில் மொட்டை மாடியில் அடித்தால் தூசி ஒட்டிக்கொள்ளும்.

பெட்ரோல் டாங்குக்கு மட்டும் அது உதவாது. பெட்ரோல் சிந்தினால் டப்பா பெயிண்டு கரைந்துவிடும். ஹார்டனர் கலந்து அடிக்கும் பெயிண்டுதான் பெட்ரோலைத் தாங்கும். அதற்குப் பெயிண்டிங் பட்டறைக்குத்தான் போக வேண்டும். டாங்கு மட்டும் என்றால் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் பேசி முடிக்கலாம். டாங்கைக் காலி செய்து, கழற்றி நீங்களே எடுத்துப் போனால் கூலி இன்னும் குறையும்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. ஆர்.சி.யில் வண்டியின் நிறமும் பதிவாகியிருக்கிறது. அதே நிறத்தில் அடித்தால் தொல்லை இல்லை. வேறு நிறம் அடித்தால் ஆர்.டி.ஓ. ஆபீசில் தெரிவித்து ஆர்.சி.யிலும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-வது பிரிவு: ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் இதையே உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றத்துக்கு வண்டிச் சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். கூவும் சைலன்சருக்குத் தனிக் கணக்கு. அதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. லைசென்சும் மூன்று மாதம் போகும். முழுப் பட்ஜெட்டும் ஒரே சத்தத்தில் போய்விடும்!

சட்டத்தை வெட்டுவது, எஞ்சின் மாற்றுவது, சக்கர அளவை மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும். விபத்து நடந்து இன்ஷூரன்ஸ் பணம் கேட்கும்போது, தெரிவிக்காத மாற்றத்தைக் காட்டிக் கம்பெனி தகராறு செய்யவும் இடம் உண்டு. சீட், கேபிள், செயின், பிரேக், அதே நிறப் பெயிண்டு ஆகியவற்றில் இந்தத் தலைவலி இல்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குக் கூடுதலாக ஒரு கவலை. தமிழ்நாட்டு நம்பர் வண்டியைக் கர்நாடகத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். அங்கே என்.ஓ.சி. வாங்கி, இங்கே வரி கட்ட வேண்டும். பழைய வண்டிக்கு இந்தச் செலவு சாமான் செலவைவிட அதிகமாகிவிடக் கூடும். ஆகவே பத்தாயிரம் ரூபாயைச் செலவழிப்பதற்கு முன்பே இதைக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவை ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயானது. 20 ஆண்டு தாண்டிய வண்டிக்கு 2025-ல் 2,000 ரூபாயானது. நம் தருமபுரிக்காரரின் வண்டிக்கு வயது 18. இன்னும் இரண்டு ஆண்டில் இன்ஸ்பெக்டர் முன்னால் அது நின்றாக வேண்டும்.

பழைய சாமான் கடையில்

சிவாஜி நகர் குஜ்ரிக் கடைகளில் பழைய வண்டிச் சாமான்கள் குவிந்து கிடக்கும். பேரம் பேசத் தெரிந்தவருக்கு அது சொர்க்கம். மட்கார்டு, சாரி கார்டு, கிக்கர், கேரியர், டூல் பாக்ஸ் மூடி போன்றவற்றைத் தைரியமாக வாங்கலாம். பிரேக் ஷூ, செயின், டயர், வீல் பேரிங் ஆகியவற்றை அங்கே தேடக் கூடாது. எஞ்சினையும், நம்பர் பொறித்த சட்டத்தையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருட்டு வண்டியின் நம்பராக இருந்தால் வாங்கியவர்தான் போலீஸ் ஸ்டேஷனில் பதில் சொல்ல வேண்டும்.

வேலை முடிந்த வண்டியை உடனே ஊருக்கு எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். நகருக்குள் ஒரு வாரம் ஓட்டுங்கள். புதுச் செயின் சற்று இழுத்துக் கொடுக்கும். புதுக் கேபிளும் அப்படியே. அவற்றை ஒரு தடவை சரி செய்து, கழற்றி மாட்டிய நட்டு, போல்ட்டுகளை மறுபடி முறுக்கிவிட்டுப் புறப்படலாம். பின்னால் ஆள் உட்காரும்போது பின் டயருக்குக் காற்று கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும்.

கழற்றிய அசல் ஹேண்டில் பார், கண்ணாடி, இண்டிகேட்டர் ஆகியவற்றை எடைக்குப் போடாமல் ஒரு கோணிப் பையில் கட்டிப் பரண் மேல் வையுங்கள். பதிவைப் புதுப்பிக்கும் அன்று அவை தேவைப்படலாம். வண்டியை விற்கும்போதும் வாங்க வருகிறவர் அவற்றைத்தான் முதலில் கேட்பார்.